அடைக்கோழியைப் பேணும் முறையும் அடைக்கூட்டின் சுத்தமும்

செங்கற்பட்டு ஜில்லாவில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் செலவுக் கணக்கு எழுதி வைக்காத நிலச்சுவான்தார் அரியர். எனினும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தின் மூலையில் இருபத்தொரு நாள் அசையாது அடைபடுத்திருக்கும் பெட்டைக்கோழியின் வரவு செலவை எழுதி வைப்பவர் அதனினும் அரியர். கோழி வீட்டுப் பெண்டிரின் காரியமென்றும், அது தானே பார்த்துக்கொள்ளுமென்றும் எண்ணி விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கின்றது. கோழி தன் பங்கைக் குறைவறச் செய்கின்றது. நாம் செய்யவேண்டிய பங்கு சிறிதே. அச்சிறு பங்கைச் செய்யாமையினால் நேரும் நஷ்டமோ பெரிது.

அந்நஷ்டம் எவ்வளவென்று பார்ப்போம். நமது பக்கத்து நாட்டுக்கோழி வருஷத்திற்கு மூன்று அல்லது நான்கு ஈடுகளில், தீனிக்கும் கவனிப்புக்கும் தக்கபடி, ஏறக்குறைய ஐம்பது அறுபது முட்டைகள் இடுகின்றது. ஒவ்வோர் ஈட்டின் முடிவிலும் அடைக்கு உட்காருகின்றது. அடைகாக்க மூன்று வாரமும், குஞ்சுகளை மேய்த்துப் பிரிக்க ஏறத்தாழ இரண்டு மாதமும் செல்லும். ஆகவே ஓர் அடை வீணாகுமாயின் பன்னிரண்டு முட்டைகள் மட்டும் வீணாவதில்லை. அக்கோழியின் வருஷ உழைப்பில் மூன்றிலொரு பங்கு வீணாகின்றது. அடைக்கூட்டிலேயே கோழி இறந்துபோனாலோ முதலே போயிற்று. நிலமுடையவர்க்கு இது சிறு நஷ்டமாகத் தோன்றலாம். திருக்கழுக்குன்றம், திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களிலும், நான்கு கோழிகளே கைப்பொருளாக உடைய பெண்கள் அநேகர் உளர். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் மருந்துச் செலவும் அந்தக் கோழிக் காசிலிருந்தே வருவதை கிராம அதிகாரிகள் நன்கறிவர்.

முட்டைக்கென்றே விருத்தி செய்யப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற சீமை ஜாதிகள் அடைக்கு உட்காருவதில்லை. அடைபடுக்கும் கோழி அக்காலத்தில் முட்டையிடாதாகையால், அக்குணமுள்ள பெட்டைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டே அந்த ஜாதிகளை உண்டாக்கினர். பெரும் பண்ணைகளுக்குப் பொரிக்கும் யந்திரம் உண்டு. மின்சாரம் தடைப்பட்டால் அதற்கு மாற்று ஏற்பாடும் உண்டு. பத்துக் குஞ்சு வேண்டும் குடியானவனுக்கு நாட்டுப்பெட்டையைக் காட்டிலும் மலிவான பொரிப்பான் இன்றும் கிடையாது. சிறுவெட்டு ஜாதிப் பெட்டைகளும் கழுத்தில் இறகில்லாத ஜாதிப் பெட்டைகளும் நல்ல தாய்களாக விளங்குகின்றன. சண்டைச்சேவல் ஜாதியாகிய பெருவெட்டுப் பெட்டையும் அடையில் உறுதியாக இருக்குமெனினும், உடற்பாரத்தினால் சில சமயம் முட்டையை நசுக்கிவிடும். அவ்விதமானவற்றிற்கு ஆழங்குறைந்த, மிருதுவான கூடு அமைத்தல் வேண்டும்.

அடைக்குணம் வந்த கோழியை அறிதல் எளிது. மார்பிறகு உதிர்ந்து தோல் வெளித்தோன்றும்; கொண்டை சுருங்கி வெளுக்கும்; இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கை வைத்தால் கொத்த வரும்; இரவிலும் கூட்டை விட்டு எழாது. இக்குறிகள் தோன்றிய அன்றே முட்டை வைத்தல் தவறு. இரண்டு இரவுகள் கூழாங்கற்களையோ கூமுட்டைகளையோ கொடுத்துச் சோதித்துப் பார்த்து, உறுதியாக உட்காரும் கோழிக்கே நல்ல முட்டைகளைத் தருதல் வேண்டும். முட்டைகளை மாலை மங்கிய பிறகு வைப்பது நன்று. இருளில் கோழி கலவரப்படாது ஏற்றுக்கொள்ளும்.

முட்டைகளைப் பற்றி

அடைக்கு வைக்கும் முட்டை எத்தனை என்பதைவிட எத்தனை நாட்பட்டது என்பதே முக்கியம். நடுத்தரப் பெட்டைக்குப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டை போதும். பதினைந்து வைத்துப் பதினைந்தும் பொரிக்குமென்று ஆசைப்படுவோர், ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்துபோக, முடிவில் எட்டே குஞ்சுகள் காண்பர். கோழி நாள்தோறும் பலமுறை முட்டைகளைப் புரட்டி, நடுவிலிருப்பதை ஓரத்திற்கும் ஓரத்திலிருப்பதை நடுவிற்கும் மாற்றுகின்றது. மார்பின் கீழ் அடங்காத முட்டை ஒன்று இருந்தால், அக்குறை சுற்றிச் சுற்றி எல்லா முட்டைகளுக்கும் வந்து சேரும்.

கோழி முட்டையினுட் கரு வளர்வதற்கு 99½ முதல் 100 டிகிரி பாரன்ஹீட் வரை உஷ்ணம் வேண்டும். ஆனால் ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலேயே கரு அரைகுறையாக அசையத் தொடங்கிவிடுகின்றது. கத்திரி வெயிற் காலத்தில் நமது வீடுகளின் உட்புறம் 90 டிகிரியையும் தாண்டுமாதலால், சமையலறைப் பரணில் பத்து நாள் சேர்த்த முட்டையில் கரு பாதி எழுந்து பாதி அடங்கி மாண்டிருக்கும். பின்பு எந்தக் கோழியும் அதனை உயிர்ப்பிக்க இயலாது. அகன்ற மண்தொட்டியில் ஈரமணல் பரப்பி, அதன்மேல் மண்சட்டியைப் பதித்து, அதனுள் முட்டைகளை வைத்துப் பருத்தித் துணியால் மூடி, நிழலும் காற்றுமுள்ள இடத்தில் வைப்பது எல்லோர்க்கும் கூடிய உபாயம். மணலில் தினமும் இருவேளை ஜலம் தெளிக்கவேண்டும். ஈரம் முட்டையில் படலாகாது. சித்திரை வைகாசியில் ஐந்து நாளுக்கும், மற்றக் காலத்தில் ஒரு வாரத்திற்கும் மேற்பட்ட முட்டையை அடைக்கு வையாமல் சமையலுக்கு அனுப்பிவிடலாம்.

முட்டை அழுக்காயிருந்தால் கழுவலாமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. கழுவலாகாது. முட்டையோட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியாகவே உள்ளிருக்கும் குஞ்சு சுவாசிக்கின்றது. இட்ட முட்டையின்மேல் மெல்லிய பூச்சொன்று உலர்ந்து அத்துவாரங்களைக் காக்கின்றது. கழுவினால் அப்பூச்சு கரைந்து போகும். அன்றியும் குளிர்ந்த ஜலம் பட்டால் உள்ளிருக்கும் வஸ்து சுருங்கி, வெளியிலுள்ள அழுக்குநீரைத் துவாரங்களின் வழியே உள்ளிழுத்துக்கொள்ளும். கழுவிய முட்டை பார்வைக்கு வெளுப்பாகவும் உள்ளே கேடாகவும் முடிவது இதனாலேயே. லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்; மிகவும் மலம் படிந்த முட்டையை அடைக்கு வையாதிருப்பதே மேல். முட்டையிடும் கூட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்க்கு இக்கேள்வியே எழாது.

கூட்டின் அமைப்பு

நமது பக்கத்தில் மூங்கிற் கூடையும் பழைய மண்சட்டியும் அடைக்கு வழங்கி வருகின்றன. கூடையில் காற்று நன்றாக உலாவும். ஆனால் பின்னலின் இடுக்கு ஒவ்வொன்றும் செல்லுக்கு மாளிகை. மண்சட்டியில் இடுக்கில்லை; வெயிலில் காயவைக்கலாம், கொதிநீர் ஊற்றலாம், நெருப்பிலும் காட்டலாம். ஆகையால் வாய் ஒன்றேகால் அடியும் ஆழம் அரையடியும் உள்ள அகன்ற சட்டியே எமது அபிப்பிராயத்தில் சிறந்தது. கூடையே உபயோகிப்போர், உட்புறம் சாணமும் களிமண்ணும் கலந்து பூசி நன்றாகக் காயவைத்துக்கொண்டால் பாதி அபாயம் நீங்கும்.

சட்டியின் அடியில் மூன்று அங்குலம் மணலும், அதன்மேல் ஒரு கைப்பிடி அடுப்புச்சாம்பலும், அதற்கும் மேல் குழிவாக அமுக்கிய வைக்கோலும் இடவேண்டும். கடற்கரைக் கிராமத்தார் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலிலேயே கிடைக்கும் கடல்மணலை அப்படியே அள்ளிப் போடுவது கூடாது. அம்மணலிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரவெல்லாம் நசநசத்திருக்கும். ஒரு கூடை ஆற்றுமணல் கிடைத்தால் உத்தமம்; இல்லையேல் கடல்மணலை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். சவுக்குத் தோப்புகள் மிகுந்த இப்பக்கத்தில் சவுக்குச் சருகை இடுவாருமுளர். நன்றாகக் காய்ந்ததாயின் கேடில்லை, ஆயினும் அது வைக்கோலைப்போல் முட்டையை அணைத்து நிற்பதில்லை.

எதை இட்டாலும் பூஞ்சணம் பிடித்ததாக இருக்கலாகாது. ஐப்பசி கார்த்திகையில் போரின் அடிப்பக்கத்திலிருந்து உருவிய வைக்கோலில் புழுங்கல் வாடை வீசும். அதிலுள்ள பூஞ்சணத் தூள் குஞ்சுகளின் சுவாசப்பையில் சென்று தங்கி, வாய் திறந்து மூச்சு வாங்கிச் சாகும்படி செய்கின்றது. ஓடு வழியே முட்டைக்குள்ளும் அது புகுவதுண்டு. மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தலே போதுமான சோதனை.

கூட்டில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் மிளகாய் வற்றலும் வைத்தால் இடிச்சத்தத்தினால் கரு கலையாது என்னும் நம்பிக்கை தொன்றுதொட்டு வழங்குகின்றது. கரி சிறிது ஈரத்தை உறிஞ்சும். இரும்பினால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. வைப்பவர்கள் வைக்கட்டும். ஆனால் இடி இடிக்கும் காலமும் கூரை ஒழுகும் காலமும் ஒன்றே என்பதை மறக்கலாகாது. முட்டைகளைக் கெடுப்பது மேலே கேட்ட சத்தமன்று, கீழே இறங்கிய ஈரமே.

அடையிலேயே சாகும் கோழி

"நேற்று வரை நன்றாக இருந்த கோழி, விடியற்காலையில் பார்த்தால் முட்டையின்மேல் செத்துக் கிடக்கின்றது" என்னும் புகார் எல்லாக் கிராமத்திலும் கேட்கக்கூடியது. கண்ணேறு என்பர் சிலர். விஷஜந்து தீண்டியது என்பர் சிலர். பாம்பும் காரணமாகலாம். ஆனால் பெரும்பாலும் அக்கோழியைக் கொன்றது, சிறு புள்ளியளவே உள்ள செல்.

செல்லில் ஒரு வகை பகலில் கோழியின்மேல் இராது. சுவரின் வெடிப்பிலும் கூடையின் பின்னலிலும் ஒளிந்திருந்து, இரவில் கூட்டங்கூட்டமாக ஏறி இரத்தங்குடித்துவிட்டு விடியுமுன் மறைந்துவிடும். பசியோடிருக்கையில் சாம்பல் நிறமாகவும், குடித்தபின் சிவப்பாகவும் காணப்படும். நமது நாட்டு உஷ்ணத்தில் ஒரு முட்டை முழுச் செல்லாக வளர்ந்து மறுபடி முட்டையிட ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதாவது கோழி ஒரு முறை அடைகாத்து முடிப்பதற்குள் செல் இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடுகின்றது. மற்றொரு வகை, கூட்டின் வைக்கோலிலும் கோழியின் வாலடி இறகுகளிலுமே தங்கியிருக்கும். கூட்டில் கை வைத்தவுடன் கையிலேறி ஊர்ந்து அரிப்பது இதுவே.

மற்றக் கோழிகள் தொல்லை பொறுக்காமல் இடம் மாறி உறங்கும். பகலெல்லாம் மண்ணிற் புரண்டு உடலை உதறிக்கொள்ளும். அடைக்கோழி இடம் மாறாது. முட்டைகளை விட்டு எழக்கூடாதென்னும் இயற்கைக் கட்டளைக்கு அடங்கி, இரவு முழுதும் இரத்தத்தைக் கொடுத்துக்கொண்டு அவ்விடத்திலேயே இருக்கும். அதன் ஆகாரமும் அக்காலத்தில் மிகக் குறைவு. கொண்டை நாளுக்குநாள் வெளுத்து, கண் மூடி, ஒரு நாள் தலை சாய்ந்துவிடும். உறுதி குறைந்த கோழி பதினைந்தாம் பதினாறாம் நாளில் கூட்டைத் துறந்து ஓடிவிடும். வீட்டார் அதனைக் கெட்ட கோழியென்று ஏசி விற்றுவிடுவர். அக்கோழியின்மேல் குற்றமில்லை.

ஐயமிருப்பின் சோதனை எளிது. இருட்டிய பின் கூட்டிற்கடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்து, இரண்டு நாழிகை கழித்து விளக்கெடுத்துப் பார்த்தால் ஊரும் புள்ளிகள் தெரியும். அல்லது கூட்டின் விளிம்பையும் சுவர் வெடிப்பையும் வெள்ளைக் காகிதத்தால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். சிவந்த கோடுகள் விழுந்தால் செல் உண்டென்பது நிச்சயம்.

உண்ணியும் இத்தன்மையதே. கோழியுண்ணியின் குஞ்சுப்பருவம் மட்டும் சில நாட்கள் இறகடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்தவை இரவிலேயே வரும். மண்சுவர் வெடிப்பிலும் கூரைக் கழியின் பட்டைக்கடியிலும் ஆகாரமின்றி ஒரு வருஷத்திற்கு மேலும் உயிரோடிருக்கக் கூடியவை. இரத்தங்குடிப்பதன்றி, கடுங்காய்ச்சல் நோயொன்றையும் ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்புகின்றன. ஆகவே சென்ற வருஷம் கோழி செத்த மூலை, ஒரு வருஷம் வெறுமையாய்க் கிடந்துவிட்டமையால் சுத்தமாயிற்று என்று எண்ணி மறுபடியும் அங்கேயே அடை வைப்பது பிசகு.

பரிகாரம் கூட்டிலும் சுவரிலும் தொடங்கவேண்டும். அடை வைப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அவ்விடத்தைப் பெருக்கி, வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்தபின் களிமண்ணால் அடைத்து, சுண்ணாம்பு அடிக்கவேண்டும். சட்டியை நெருப்பில் காட்டியோ, உச்சி வெயிலில் மூன்று நாள் காயவைத்தோ எடுத்துக்கொள்ளலாம். மரப்பலகையின் இடுக்குகளில் மண்ணெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். பலனுள்ளதே, ஆனால் அது உலர்ந்து வாடை நீங்கிய பின்பே கோழியை அண்டவிட வேண்டும். எண்ணெய் முட்டையோட்டிற் பட்டால் துவாரங்கள் அடைபட்டுக் கரு மூச்சின்றி மாளும்.

பேன் வேறு ஜாதி. அது இரவும் பகலும் கோழியின் உடலிலேயே வசித்து அங்கேயே முட்டையிடுவது. ஆதலால் கோழியையே கவனிக்கவேண்டும். நன்றாகச் சலித்த சாம்பல் ஒரு படியும், கந்தகப்பொடி ஒரு கைப்பிடியும், உலர்ந்த வேப்பிலைத் தூள் இரண்டு கைப்பிடியும் கலந்து வைத்துக்கொண்டு, கோழியைத் தலைகீழாகப் பிடித்து இறக்கைகளின் அடியிலும் வாலடியிலும் கழுத்திலும் இறகுக்கு எதிராகத் தேய்த்துவிட வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் பட விடலாகாது. பேன்முட்டை நான்கு நாள் முதல் ஒரு வாரத்திற்குள் பொரிக்குமாதலால், ஒரு முறை தூவி நிறுத்துவது வீண். அடை வைப்பதற்கு இரண்டு நாள் முன்னும், அடையின் பத்தாம் நாளிலும் தூவுதல் முறை. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு ஒன்றும் தூவலாகாது.

பழைய புத்தகங்களில் சோடியம் புளோரைடும் டி.டி.டி. தூளும் இதற்காகச் சிலாகித்துச் சொல்லப்பட்டிருக்கும். அவற்றின் தீமை பின்னர் வெளிப்பட்டமையால் இன்று அவற்றை நாடலாகாது. அதனினும் அபாயம், வயலுக்குத் தெளித்து மிச்சப்பட்ட பூச்சிமருந்தைக் கோழிமேல் தடவும் வழக்கம். நெற்பயிரின் புழுவைக் கொல்லும் அளவு விஷம், நான்கு பலம் எடையுள்ள குஞ்சையும் கொல்லும். முட்டை வழியே வீட்டுக் குழந்தைகளையும் சாரும். மருந்து வேண்டுமாயின் கால்நடை மருத்துவரைக் கேட்டு, அவர் கோழிக்கென்று கொடுப்பதையே உபயோகிக்க வேண்டும்.

இருபத்தொரு நாள்

அடைக்கோழி நாளொன்றுக்கு ஒருமுறை, கால்மணி அல்லது இருபது நிமிஷ நேரம், கூட்டை விட்டிறங்கி மேய்ந்து, நீர் குடித்து, மலங்கழித்து, மண்ணிற் குளித்து மீள்வது இயல்பு. அந்நேரத்தில் ஆகாரமும் ஜலமும் அருகிலேயே இருக்க வேண்டும். கம்பு, நெல், கேழ்வரகு போன்ற முழுத்தானியமே ஏற்றது. கஞ்சியும் தவிடும் மலத்தை இளக்கிக் கூட்டை அசுத்தப்படுத்தும். குப்பங்களில் கருவாட்டுத்தூள் இடுவர்; உப்பிட்டதாயின் அக்காலத்தில் வேண்டாம். கூட்டிற்குப் பத்தடி தூரத்தில் உலர்ந்த மணலும் சாம்பலும் கலந்த குழியொன்று அமைத்துக் கொடுத்தால் கோழி தானே புரண்டு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். மழைக்காலத்தில் ஒரு தகரத் தட்டில் இட்டுத் திண்ணையில் வைக்கலாம்.

சில கோழிகள் முட்டையின்மேல் கொண்ட பற்றினால் தாமாக இறங்குவதில்லை. அவை அடக்கி வைத்த மலத்தை முடிவில் கூட்டிலேயே கழித்துவிடும். அடைமலம் அளவிலும் நாற்றத்திலும் சாதாரண மலத்தைப் போன்றதன்று. இப்படிப்பட்டதை நாள்தோறும் ஒரே வேளையில் இரு கைகளாலும் மெல்லத் தூக்கி இறக்கிவிட வேண்டும். தூக்குமுன் இறக்கைக்குள் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கின்றதா என்று கைவைத்துப் பார்ப்பது அவசியம். பாராமல் தூக்கி இரண்டு முட்டைகளை உடைத்தபின் வருந்திப் பயனில்லை.

கூடு அசுத்தப்பட்டால் கோழி வெளியில் மேயும் வேளையிலேயே அதைச் சீர்ப்படுத்த வேண்டும். முட்டைகளை ஒரு கம்பளியிலோ தடித்த துணியிலோ எடுத்துவைத்து, நனைந்த வைக்கோலை மட்டும் நீக்கி, முன்னமே வெயிலில் காயவைத்த புது வைக்கோலை அதே குழிவில் அமுக்கிவிட்டு முட்டைகளைத் திரும்ப அடுக்கலாம். மனிதக் கை பட்டால் கோழி முட்டையை ஏற்காது என்பது வீண் பயம். ஆனால் கூட்டின் இடத்தை மாற்றினால் அநேகம் கோழிகள் ஏற்பதில்லை. முட்டை உடைந்து மஞ்சட்கரு மற்ற முட்டைகளில் பூசிக்கொண்டிருந்தால் மட்டும் கழுவலாகாது என்னும் விதிக்கு விலக்கு உண்டு. அப்பசை துவாரங்களை அடைத்து எறும்பையும் அழுகலையும் வரவழைக்குமாதலால், கையில் சூடு தெரியும் வெந்நீரில் துணியைத் தோய்த்துப் பிழிந்து உடனே துடைத்து, ஈரமாற்றி வைத்துவிட வேண்டும். தண்ணீர் முட்டையினும் சற்றுச் சூடாயிருக்க வேண்டுமென்பதன் காரணம் மேலே சொல்லியிருக்கின்றோம்.

கோழி ஏதோ பயத்தினால் ஒரு மணி இரண்டு மணி நேரம் கூட்டை விட்டு நின்றுவிட்டால், முட்டைகள் போயின என்று எறிந்துவிடுவோர் உளர். அவசரம் வேண்டாம். அத்தனை நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கும். பொரிப்பு சில மணி நேரம் தாமதமாகலாம்.

ஏழாம் நாள் இரவு முட்டைகளை ஒளியில் பார்த்தல் மிகவும் பிரயோஜனமுள்ள காரியம். இருட்டறையில் கைவிளக்கின்மேலோ கைப்பேசியின் விளக்கின்மேலோ முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் நடுவே கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால்போல் பரவும் செந்நரம்புகளும் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாயிருப்பது கூமுட்டை. கலங்கி அசைவது அழுகத் தொடங்கியது. அதனை அன்றே அகற்றாவிட்டால், மூன்றாம் வாரத்தில் கோழியின் சூட்டில் வெடித்து, நல்ல முட்டைகள் அனைத்தையும் நாசஞ்செய்யும். ஒரே நாளில் இரண்டு கோழிகளுக்கு அடை வைத்திருந்தால், கழித்து எஞ்சிய முட்டைகளை ஒன்றின்கீழ்ச் சேர்த்து மற்றதற்குப் புதிதாக வைக்கலாம்.

பதினெட்டாம் நாள் முதல் கூட்டைக் கலைக்கலாகாது. குஞ்சு ஓட்டை உடைக்கத் தொடங்கும் இருபதாம் நாளில் எறும்பே பெரும் பகை. சிறு வெடிப்பின் வழியே நுழைந்து, வெளிவராத குஞ்சை உள்ளேயே தின்றுவிடும். சட்டியை முக்காலியின்மேல் வைத்து, முக்காலியின் கால்களை ஜலம் நிறைந்த சிரட்டைகளில் நிறுத்துவது இதற்குத் தக்க காவல். எலி, பெருச்சாளி, கீரி, காகம் இவற்றிற்குப் பஞ்சாரத்தைக் கவிழ்க்கலாம். பூனையைப்பற்றித் தனியே சொல்லவேண்டியதில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் இரு கையும் தூக்கித் தவஞ்செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் கண்டவர்கள், தம் வீட்டுப் பூனையின் சாதுத்தன்மையையும் அளந்து கொள்வார்களாக.

கடற்கரைக்கு ஒரு வார்த்தை

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடை வைப்பதை இப்பக்கத்தில் கூடியவரை குறைத்துக்கொள்வது நலம். தையும் மாசியும் உத்தமமான காலம். மழைக்காலத்தில் வைத்தே தீரவேண்டுமாயின் தரையில் வைக்கலாகாது. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலும், 2022-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இரவு மாமல்லபுரத்தையொட்டிக் கரை கடந்த மாண்டஸ் புயலும் மார்கழிக்குச் சற்று முந்திய நாட்களில் வந்தவையே. புயலெச்சரிக்கை கேட்டவுடன் மாட்டை அவிழ்த்துக் கட்டும் குடியானவர், அடைச்சட்டியையும் கோழியோடு தூக்கி, ஒரு துணியால் மூடி, ஓட்டுவீட்டின் உள்ளறைக்குக் கொண்டுபோகலாம். இரவில் தூக்கினால் கோழி பெரும்பாலும் எழாது. கூரை வீடு மட்டுமே உள்ளவர்க்கு நெற்களஞ்சியத்தின் ஒரு மூலையை அந்த இரண்டு நாளுக்குக் கொடுப்பது நிலச்சுவான்தார்களுக்குப் பெரிய உபகாரமாகாது.

இனிப் பொரித்தபின் செய்யவேண்டியது. குஞ்சு உலரும் வரை, ஏறக்குறைய ஒரு நாள் முழுதும், தீனி வேண்டியதில்லை. வயிற்றினுள் அடங்கிய மஞ்சட்கருவே ஆகாரம். பின்பு நொய்யும் உடைத்த கம்பும் சுத்தமான ஜலமும் தரலாம். கூட்டின் வைக்கோல், ஓடு, பொரியாத முட்டை அனைத்தையும் அன்றே வீட்டிற்குத் தொலைவில் எரித்துவிட வேண்டும். மணலையும் எருக்குழியில் கொட்டாமல் வெயிலில் பரப்பவேண்டும். கூட்டிலிருந்த செல்லுக்குக் கோழி போய்விட்டது தெரிந்தவுடன் அடுத்த கோழியைத் தேடும். மூன்றாம் நாள் குஞ்சுகளின் தலையைக் கவனித்துப் பார்த்தால், தாயிடமிருந்து ஏறிய தலைப்பேன் இறகடியில் ஒட்டியிருப்பது தெரியவரும். விரல் நுனியில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டு உச்சந்தலையில் தடவினால் போதும். அதிகம் தடவினால் குஞ்சு நனைந்து குளிரில் ஒடுங்கும்.

ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்புமருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விடவேண்டும். 1927-ம் வருஷத்தில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேட் என்னுமிடத்தில் கண்டறியப்பட்டு அப்பெயரே பெற்ற இந்நோய், ஒரு முறை கிராமத்தில் நுழைந்தால் பத்துக் கோழியில் ஒன்றையும் மிச்சம் வைப்பதரிது. எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி போடவேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையார் இதற்கென்று வருஷந்தோறும் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகின்றனர்.  முகாம் தேதியைக் கிராம அதிகாரிகள் இரண்டு நாள் முன்னதாகவே குப்பங்களிலும் காலனிகளிலும் தெரிவித்து, கோழிகளை மேயவிடாமல் விடியுமுன் பஞ்சாரத்தில் அடைத்து வைக்கும்படி சொல்லவேண்டும். வெயிலேறியபின் கோழியைத் துரத்திப் பிடிப்பதற்குள் மருந்தின் குளிர்ச்சி போய்விடும். காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கோழி வளர்ப்போர் நேரிற் சென்று ஆலோசனை கேட்கலாம். செத்த கோழியைக் கொண்டுபோவோர் அன்று காலையில் செத்ததையே, பாலிதீன் பையிற் கட்டி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.